தூய மொழி பேசிய காலம் எது?

தில்லியிலோ மும்பையிலோ குடியேறி வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ஊரிலிருந்து தாத்தா வந்திருக்கிறார். பள்ளியிலிருந்து திரும்பிய பேரன் உள்ளே நுழைந்ததும், "தாத்தா, தர்வாஜாவைப் பந்த் பண்ணிவிட்டேன்" என்கிறான். பெரியவரின் முகம் வாடுகின்றது. "எங்கள் நாளில் தமிழ் இப்படியா இருந்தது? எவ்வளவு சுத்தமாக இருந்தது!" என்று பெருமூச்சு விடுகிறார். சற்று நேரத்திற்கெல்லாம் அவரே, "ஜன்னலைச் சாத்திவிட்டு, மேசைமேல் இருக்கும் சாவியை எடுத்து அலமாரியில் வை, கண்ணா" என்கிறார்.

பேரனின் பேச்சில் வேற்றுச் சொற்கள் இரண்டு. அவ்விரண்டும் இந்திக்குப் பாரசீகம் தந்தவை. தாத்தாவின் பேச்சிலோ ஜன்னல், மேசை, சாவி, அலமாரி ஆகிய நான்கும் வேற்றுச் சொற்களே. 16ஆம் நூற்றாண்டு முதல் நம் கடற்கரையில் வாணிகம் செய்த போர்த்துக்கீசியரோடு வந்து தமிழில் குடியேறியவை அவை. அவர் வியந்து பாராட்டிய 'சுத்தம்' என்னும் சொல்லும் வடசொல்லே. ஆயினும் பேரனின் சொற்கள் அவர் காதில் உறுத்தின. தம் சொற்கள் உறுத்தவில்லை. ஏன்? அவருடைய சொற்கள் அவர் பிறப்பதற்கு முன்னரே வந்துவிட்டன. பேரனுடைய சொற்கள் அவர் கண்ணெதிரே வந்தன. வேறுபாடு இவ்வளவுதான்.

இதைக் கூறுவது பெரியவரை எள்ளி நகையாடுவதற்காக அன்று. அவருடைய கவலையின் அடியில் உண்மையான அச்சம் ஒன்று உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம். முதலில் அவர் எழுப்பிய கேள்வியையே எடுத்துக்கொள்வோம். தமிழ் தூய்மையாக இருந்த காலம் ஒன்று உண்டா? உண்டாயின் அஃது எந்தக் காலம்? படிப்படியாகப் பின்னோக்கிச் சென்று தேடுவோம்.

தாத்தாவுக்கும் தாத்தா வாழ்ந்த காலம், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. அக்காலத்து உழவர் ஒருவர் ஊரில் நிலவரியாகிய கிஸ்தியைக் கட்டினார், ரசீது பெற்றார். வழக்கு என்று வந்தால் வக்கீலைப் பார்த்தார், வாய்தா கேட்டார், ஜாமீன் கொடுத்தார், தோற்றால் அமீனா வந்து ஜப்தி செய்தார். இச்சொற்கள் அனைத்தும் முகலாயர், நவாபுகள், பின்னர் ஆங்கிலேயர் ஆகியோரின் ஆட்சித் துறை வழியாக வந்த அரபு, பாரசீகச் சொற்கள். படித்தவர் பேச்சோ வேறு வகை. கூட்டத்திற்கு 'அக்கிராசனர்' தலைமை தாங்கினார், 'உபந்நியாசம்' நடந்தது, தேர்தலில் 'அபேட்சகர்' நின்றார். இன்றைய பள்ளி மாணவருக்கு அந்நாளைய செய்தித்தாளைப் படித்துக் காட்டினால், பாதிச் சொற்களுக்கு உரை கூற வேண்டியிருக்கும். எனவே நாம் தேடும் தூய காலம் அதுவன்று.

இன்னும் பின்னே செல்வோம். 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயிடம் துபாஷியாக விளங்கியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் 1736 முதல் 1761 வரை எழுதிவந்த நாட்குறிப்பு, அக்காலத்துத் தமிழர் பேசிய மொழிக்கு நல்ல சான்று. அதில் கம்பெனி 'கும்பினி' ஆகிறது. படைவீரன் 'சொல்தாது' ஆகிறான். பிரெஞ்சு, போர்த்துக்கீசியம், பாரசீகம், தெலுங்கு, வடமொழி ஆகிய எல்லாம் அந்தத் துறைமுகப் பட்டினத்தின் தமிழில் கலந்து நிற்கின்றன. 'துபாஷி' என்னும் அவருடைய பதவிப் பெயரே இருமொழி அறிந்தவர் என்று பொருள்படும் வடசொல்லின் திரிபு. அதற்கும் முன்னர், 15ஆம் நூற்றாண்டினர் என்று கருதப்படும் அருணகிரிநாதரைப் பாருங்கள். முருகனைப் பாடிய அப்பெருங்கவிஞர், வடசொற்களை அள்ளித் தெளித்ததோடு அமையாமல், 'சலாம்' என்னும் அரபுச் சொல்லையும் திருப்புகழில் எடுத்தாண்டிருக்கிறார். அப்பாடல்களைக் கேட்டு உருகுவோர் எவரும் அச்சொல்லைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை.

சோழர் காலத்திற்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயில் கி.பி. 1010-இல் நிறைவெய்தியது. அதன் சுவர்களிலுள்ள கல்வெட்டுகள் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று கிரந்த எழுத்திலே தொடங்குகின்றன. வடசொற்கள் மிடைந்த தமிழில் நடக்கின்றன. அதே 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் என்னும் இலக்கண நூல், தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடையைப் பெயர் சுட்டியே குறிப்பிடுகின்றது. இலக்கண நூலில் இடம்பெறும் அளவிற்கு அந்நடை அன்றே பரவியிருந்தது என்பது இதனால் விளங்கும். பின்வந்த வைணவ உரையாசிரியர்கள் அந்நடையிலேயே பெரும் பெரும் விளக்கவுரைகளை இயற்றினர்.

சரி, சங்க காலத்திற்கே சென்றுவிடுவோம். அங்கேயாவது தூய தமிழ் கிட்டுமா? சங்கப் பாடல்களில் வடசொற்கள் மிகக் குறைவு என்பது உண்மை. ஆயினும் அறவே இல்லை என்று கூறுவதற்கில்லை. 'யவனர்' என்பது வேற்று நாட்டார் பெயர். குதிரைச் சவுக்கைக் குறிக்கும் 'மத்திகை', நிலத்தடி வழியைக் குறிக்கும் 'சுருங்கை' ஆகியவை கிரேக்க மூலத்தன என்று அறிஞர் பலர் கொள்வர். அதே பழங்காலத்தைச் சார்ந்த வேறொரு சான்றும் நமக்குக் கிடைத்திருக்கின்றது. மதுரைக்கு அருகில் மாங்குளம் என்னும் ஊரின் குன்றிலே தமிழி எழுத்தில் பொறித்த கல்வெட்டுகள் உள்ளன. அவை கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்று ஐராவதம் மகாதேவன் கணித்தார். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கிய அக்கல்வெட்டில், சமணத் துறவியர்க்கு அளித்த அறக்கொடையைக் குறிக்கத் 'தம்மம்' என்னும் பிராகிருதச் சொல்லே வருகின்றது. கொடுமணலில் அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளிலும் தமிழ்ப் பெயர்களோடு பிராகிருதப் பெயர்களும் காணப்படுகின்றன.

இங்கேதான் நம் கேள்விக்கு விடை தொடங்குகின்றது. காதலைப் பாடிய புலவர் பெரும்பாலும் தமிழ்ச் சொற்களாலேயே பாடினார். துறவியர்க்குக் குகை அமைத்துக் கொடுத்தவர் சமயத் துறையின் சொல்லைக் கையாண்டார். பண்டம் விற்ற வணிகர் தம்மோடு வந்த பெயரைப் பானையில் கீறினார். காலம் ஒன்றே, தமிழ் மட்டும் மூவகை. ஆகவே தூய்மை என்பது ஒரு காலத்தின் தன்மை அன்று. ஒரு துறையின் தன்மை. பிற்காலத்தில் கம்பர் கவிதையும் கோயிற் கல்வெட்டும் வேறுபட்டமைக்கும் இதுவே காரணம். பழங்காலத்திலிருந்து நம் கைக்கு வந்தவற்றுள் பெரும்பகுதி, தேர்ந்தெடுத்துத் தொகுத்துப் போற்றிக் காத்த கவிதை. அக்காலத்து அங்காடிப் பேச்சும் துறைமுகப் பேச்சும் காற்றோடு போயின. நம் காலத்துச் சந்தைப் பேச்சை எடுத்து, அக்காலத்துக் கவிதையோடு ஒப்பிட்டு, 'மொழி கெட்டுவிட்டது' என்று முடிவு கட்டுகிறோம். அந்த ஒப்பீடு நேர்மையானது ஆகுமா?

சொல் மட்டுமா, ஒலியும் இலக்கணமுங்கூட நின்ற இடத்தில் நிற்கவில்லை. பழந்தமிழில் 'யான்' என்று வழங்கியதை இன்று 'நான்' என்கிறோம். 'யாறு' 'ஆறு' ஆயிற்று. 'கள்' என்னும் பன்மை விகுதியைத் தொல்காப்பியம் அஃறிணைக்கே உரியதாகக் கூறுகின்றது. இன்று பெரியோரைப் பணிவோடு சுட்டும்போது 'அவர்கள்' என்கிறோம். தொல்காப்பியர் இன்று நம்மிடையே வந்து, மேடைதோறும் ஒலிக்கும் 'தலைவர் அவர்களே' என்னும் விளியைக் கேட்பாராயின், உயர்திணையோடு அஃறிணை விகுதியைச் சேர்த்த பிழை இது என்று திகைப்பார். நமக்கோ அதுவே மரியாதை.

பெங்களூரில் வாழும் தமிழர் நாள்தோறும் கேட்கும் ஒரு செய்தியும் உண்டு. நாம் 'செவி' என்பதைக் கன்னடர் 'கிவி' என்பர். 'சேரி' அவர்களுக்குக் 'கேரி'. நம் 'செம்மை'க்கு உறவான 'கெம்பு' அவர்கள் மொழியில் சிவப்பு. இவற்றுள் மூத்த ஒலி எது? மூலத் திராவிட மொழியில் இருந்தது ககரமே என்றும், தமிழ் அதனைச் சகரமாகத் திரித்துக்கொண்டது என்றும் மொழிநூலார் நிறுவியுள்ளனர். மறுபுறம், நாம் 'பால்', 'புலி' என்று பழைய பகரத்தைக் காத்து நிற்க, கன்னடம் 'ஹாலு', 'ஹுலி' என்று மாற்றிக்கொண்டது. உடன்பிறந்தவர் இருவரும் தாய்வீட்டிலிருந்து ஒவ்வொரு பொருளைக் காத்து, ஒவ்வொன்றை மாற்றிக்கொண்டனர். முழுவதையும் மாறாமல் வைத்திருப்பவர் எவரும் இலர்.

தூய்மை கழிந்துவிட்டது என்னும் புலம்பல் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. இலத்தீன் உரைநடைக்கே உரைகல் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகப் போற்றப்படுபவர் சிசரோ. அவர் கி.மு. 46-இல் எழுதிய 'புரூட்டஸ்' என்னும் நூலில், நூறாண்டுக்கு முற்பட்ட சிப்பியோவின் தலைமுறையினர் தூய இலத்தீன் பேசியதாகவும், பின்னர்ப் பல திசைகளிலிருந்து உரோமில் வந்து குவிந்தவர்களால் மொழி மாசுற்றதாகவும் வருந்துகின்றார். எவருடைய காலத்தை உலகம் இலத்தீனின் பொற்காலம் என்கிறதோ, அவரே தம் காலத்தைச் சீரழிவுக் காலம் என்றார்! பின்னொரு காலத்தில், பெயர் அறியப்படாத இலத்தீன் ஆசிரியர் ஒருவர், மக்கள் பிழையாகப் பேசும் 227 சொற்களுக்குத் திருத்தப் பட்டியல் எழுதினார். கண்ணுக்கு 'ஓக்குலுஸ்' என்று கூற வேண்டும், 'ஓக்லுஸ்' எனல் ஆகாது என்பது அவற்றுள் ஒன்று. அவர் கடிந்த அந்தக் கொச்சையிலிருந்தே இத்தாலிய மொழியின் 'ஓக்கியோ' பிறந்தது. அவர் பிழையென ஒதுக்கிய பேச்சே, இன்று செம்மொழி என்று போற்றப்படும் இத்தாலியமாக வளர்ந்தது.

அவ்வாறாயின் எதுவும் எப்படியும் கலக்கலாம், காவலே வேண்டா என்பதா? அன்று. நம் முன்னோர் வேற்றுச் சொல்லை வெறுத்து ஒதுக்கவுமில்லை, வந்தபடியே விட்டுவிடவுமில்லை. தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுக்கின்றது. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இலக்கண நூலிலேயே வேற்றுச் சொல்லுக்கு ஓர் இருக்கை இடப்பட்டிருக்கின்றது. ஆனால் அதற்கொரு விதியும் உண்டு. அயல் ஒலியை வாயிலில் விட்டுவிட்டுத் தமிழ் ஒலியை உடுத்துக்கொண்டே உள்ளே வர வேண்டும் என்பது அவ்விதியின் கருத்து. அதனாலன்றோ கம்பரிடத்தில் லட்சுமணன் இலக்குவன் ஆனான். விபீஷணன் வீடணன் ஆனான்! 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியாரும், காலம் மாற மாறச் சில பழஞ்சொற்கள் மறைவதும் சில புதுச்சொற்கள் தோன்றுவதும் குற்றமாகா என்றே விதித்தார்.

ஒலியோடு பொருளையும் நாம் நமதாக்கிக்கொண்டோம். வட மாநிலங்களில் வாழ்வோர்க்கு இஃது அன்றாட அனுபவம். 'கச்சேரி' என்றால் இந்தி பேசுவோர்க்கு வழக்குமன்றம், நமக்குப் பாட்டரங்கு. அவர்கள் 'அவசர்' என்றால் வாய்ப்பு; நமக்கு 'அவசரம்' விரைவு. அவர்கள் 'கல்யாண்' என்றால் நலம், நமக்குத் திருமணம். 'உபன்யாஸ்' அவர்களுக்கு நாவல். நமக்குச் சமயச் சொற்பொழிவு. கொல்கத்தாவில் 'சேஷ்டா' செய்கிறேன் என்பவர் முயற்சி செய்கிறார். நம் வீட்டுக் குழந்தை 'சேஷ்டை' செய்தால் அடி வாங்குகிறது. வேர் ஒன்றாயினும் இச்சொற்கள் இன்று தமிழ்ச் சொற்களே. அவற்றைத் திருப்பிக் கொடுத்தால் உரியவர்களுக்கே அடையாளம் தெரியாது. கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதும் அன்று. 'கட்டுமரம்', 'சுருட்டு', 'மிளகுத் தண்ணீர்' ஆகியவை ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றுள்ளன. வடமொழியிலுள்ள 'நீர', 'மீன' ஆகியவை திராவிடச் சொற்களே என்று மொழியறிஞர் பலர் கொள்கின்றனர்.

1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தையும் இங்கே நினைத்துப் பார்த்தல் தகும். வேதாசலம் என்னும் தம் பெயரையே தமிழாக்கிக்கொண்டவர் அவர். அவ்வியக்கத்தின் விளைவாக 'பரீட்சை' 'தேர்வு' ஆயிற்று. 'அபேட்சகர்' 'வேட்பாளர்' ஆனார். 'உபந்நியாசம்' 'சொற்பொழிவு' ஆயிற்று. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. 'தேர்ந்தெடு' என்னும் சொல்லை அறிந்த எளிய மனிதருக்கும் 'தேர்வு' தானே விளங்கும். ஆயின், 'மந்திரி'யை விலக்கிவிட்டு நாம் ஏற்ற 'அமைச்சர்', 'மனு'வை விலக்கிவிட்டு ஏற்ற 'விண்ணப்பம்' ஆகிய இரண்டும் பிராகிருத வழியில் முன்னரே வந்து தமிழ்க்கோலம் பூண்டவை என்பர் மொழிநூலார் பலர். தனித்தமிழ் அறிஞர் இதனை மறுப்பர். எவ்வாறாயினும் ஒன்று தெளிவு. அவ்வியக்கத்தின் உண்மையான பேறு, இழந்துபோன தூய காலம் ஒன்றை மீட்டதில் இல்லை. அறிவியலும் ஆட்சியும் பேசத்தக்க புதிய தமிழ் ஒன்றை ஆக்கித் தந்ததில் இருக்கின்றது. அத்தகைய தமிழ் அதற்கு முன் எக்காலத்திலும் இருந்ததில்லை.

இனி, தாத்தாவின் பெருமூச்சுக்கு அடியில் இருந்த அச்சத்திற்கு வருவோம். 'என் பேரனிடம் தமிழ் நிலைக்குமா?' என்பதே அவர் கேட்க விரும்பிய கேள்வி. தமிழ்நாட்டிலேயே வாழும் வேறொரு மக்கள் கூட்டம் இதற்கு நல்ல விடை கூறுகின்றது. மதுரையிலும் பிற ஊர்களிலும் வாழும் சௌராட்டிரர், சில நூற்றாண்டுகளுக்கு முன்னர் வந்து குடியேறியவர்கள். அவர்கள் வீட்டில் பேசும் மொழி குசராத்தி, மராத்தி ஆகியவற்றின் இனத்தைச் சார்ந்தது. வந்த வழியெல்லாம் தெலுங்கு, கன்னடச் சொற்களையும், தங்கிய இடத்தில் தமிழ்ச் சொற்களையும் அஃது ஏராளமாக ஏற்றுக்கொண்டது. தூய்மை என்னும் அளவுகோலால் அளந்தால் அம்மொழி என்றோ தோற்றிருக்கும். ஆனால் அடுக்களையிலும் தறியின் அருகிலும் அவர்கள் அதனைப் பேசிவந்தனர். அதனால் அது வாழ்ந்தது. இதற்கு மாறாக, இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவிற்கு 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்ற தமிழர் வழிவந்தோர், கோயிலையும் தீமிதியையும் காத்துள்ளனர். வீட்டிலோ கிரியோல் மொழி வழங்குகின்றது. தமிழ் வீட்டுப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. அங்கே தமிழ் கலந்து கெட்டது என்பதற்கில்லை, பேசப்படாமல் ஓய்ந்தது. நாம் அஞ்ச வேண்டியது அந்த ஓய்வையே.

எனவே பேரனின் பேச்சை மீண்டும் ஒருமுறை கேட்போம். 'தாத்தா' என்று உறவு சொல்லி அழைக்கிறான். 'தர்வாஜாவை' என்னும்போது இந்திப் பெயரின்மேல் 'ஐ' என்னும் தமிழ் உருபை ஏற்றுகிறான். 'பண்ணிவிட்டேன்' என்பதில் செயல் முடிந்தமையும், செய்தவன் தானே என்பதும் தமிழிலக்கணப்படி வழுவின்றி அமைந்திருக்கின்றன. பெயர்தான் வந்தது, சட்டகம் தமிழாகவே நிற்கின்றது. அவன் தமிழை விட்டு நீங்கவில்லை. தமிழுக்குள் இருந்துகொண்டே பள்ளியில் கற்ற பொருளை உள்ளே கொண்டுவருகிறான். தமிழில் கேட்ட கேள்விக்கு இந்தியிலோ ஆங்கிலத்திலோ அவன் முழுவதுமாக மறுமொழி கூறத் தொடங்கும் நாளே கவலைக்குரிய நாள். பேசும்போதெல்லாம் பிழை என்று கடிந்தால், அந்த நாளை நாமே விரைந்து அழைத்தவர்களாவோம். திருத்தத்திற்கு அஞ்சும் குழந்தை, பிழையற்ற வேறொரு மொழியில் சென்று ஒதுங்கிவிடும்.

தாத்தா செய்யத்தக்கது மிக எளிது. "கதவைச் சாத்திவிட்டாயா? நல்லது, வா. இன்று பள்ளியில் என்ன நடந்தது, சொல்" என்று கேட்கட்டும். கதவு என்னும் சொல்லும் குழந்தையின் காதில் விழும், பேச்சும் தொடரும்.